பேரைப் போடாத செய்தி

அறுபதுகளில், பிச்சைக்காரர்கள் என்று போலீஸ் எங்களைப் பிடித்து அடைத்த அரசு இல்லத்தில், வார்டர் என் கூட்டாளியின் கையை முறித்தான். நான் வெளியே வந்ததும் மாட்டுங்காவில் இருந்த தமிழ் நிருபரிடம் சொன்னேன்.

"அவன் இன்னும் உள்ளதான் கிடக்கான். பேரு தெரிஞ்சா கொன்னுருவானுவ, சார்."

"பேரைப் போடமாட்டேன்ப்பா."

போடவில்லை. கூட்டாளியின் சொந்த ஊரைப் போட்டுவிட்டார். தாராவியில் எங்களை ஊர்ப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், இல்லத்திலும் அப்படித்தான் என்று அவரிடம் சொல்லியிருந்தேன்.

கேட்டதற்கு, "ஊர் இல்லாம எவன்ப்பா நம்புவான்?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். கூட்டாளிக்கு இப்போது இரண்டு கையிலும் கட்டு.

"அந்தாளுட்ட நீதானல சொன்ன?" என்றான்.

ஆமாம் என்றேன். அவன் எழுந்து உள்ளே போய்விட்டான்.