அத்திப்பள்ளி ரசீது

அவளுடைய நீட் மார்க்கை அவளுக்கு முன்பே பார்த்தவள் நான். அவள் போனில் ரிசல்ட் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது, என் போனில் திறந்துவிட்டது. என் மார்க்கை முதலில் பார்த்தேன். முகத்தைச் சரிசெய்துகொண்டு அவள் தேர்வு எண்ணைப் போட்டேன். வந்ததைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே தொப்புளுக்கு மேலே எரிந்தது. "வந்துருச்சுடி, பாரு" என்று போனை நீட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

கர்நாடக எல்லையோர மத்திகிரியில் எங்கள் இரண்டு வீடும் ஒரே வரிசையில் அடுத்தடுத்த வாடகை வீடுகள், நடுவில் ஒரே சுவர். இரண்டு அப்பாக்களும் காலையில் ஒரே கம்பெனி பஸ்ஸில் ஏறுவார்கள். நாங்கள் இருவரும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே அரசுப் பள்ளி, ஒரே பெஞ்சு. பிசிக்ஸ் அவளுக்குச் சுத்தமாக வராது. அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு அவளுக்குப் பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்தவள் நான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் அவளுக்கு எம்.பி.பி.எஸ். கிடைத்துவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். என்னுடையது பாஸ் மார்க்கைக்கூடத் தொடவில்லை.

அன்று அவர்கள் வீட்டுக் கேசரி எங்கள் வீட்டுக்கு வந்தது. அம்மா இரண்டாவது முறை போட்டுக்கொண்டு, "முந்திரி நெறையப் போட்டிருக்காங்கோ" என்றாள். பெற்ற மகள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், அம்மாவுக்கு முந்திரி பெரிதாகப் போய்விட்டது. நான் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அது உண்மையும்தான்.

நாலாவது நாள் அவள் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். கதவைச் சாத்திவிட்டு, எட்டாக மடித்திருந்ததை விரித்தாள். கன்னடத்தில் அச்சடித்த தாள், நடுவில் பேனாவால் நிரப்பியது. எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அது அத்திப்பள்ளி ரசீது.

பரீட்சை முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "அத்திப்பள்ளி வரைக்கும் போய் ஒரு கோபி மஞ்சூரி சாப்ட்டு வரலாம்டி" என்று கூப்பிட்டது நான். வண்டி அவள் அப்பாவுடையது. அவளிடம் லைசென்ஸ் இல்லை, எல்.எல்.ஆர். மட்டும்தான் இருந்தது. வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னாள், நான் கேட்கவில்லை. ஹெல்மெட் இல்லாமல் கிளம்பினோம். ஜூஜுவாடி தாண்டி, எல்லையைக் கடந்ததுமே கர்நாடகா போலீஸ் கை காட்டி நிறுத்திவிட்டார்கள். நான் கன்னடத்தில் கெஞ்சினேன். போலீஸ்காரர் எங்கள் இரண்டு பேர் பெயரையும் கேட்டார். அவள் என்னைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் போய், "நந்தே தப்பு சார், நந்தே தப்பு" என்றாள். என்னுடைய தப்புதான் என்று அர்த்தம். அவளுக்குத் தெரிந்த கன்னடமே அவ்வளவுதான். அபராதம் அவள் பெயரில் மட்டும் எழுதப்பட்டது. வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தோம்.

இப்போது அவள் சிரிக்கவில்லை. "டாக்டர் சீட்டுக்குப் போலீஸ் விசாரணையெல்லாம் இருக்குமாமே. இதுல என்ன எழுதியிருக்குது, நல்லாப் படிச்சுச் சொல்லு" என்றாள்.

அவள் குடும்பம் விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தது. கன்னட எழுத்து அவர்கள் யாருக்கும் தெரியாது. நான் மூன்றாவது வரை ஆனேக்கல்லில் மாமா வீட்டில் தங்கிக் கன்னடப் பள்ளியில் படித்தவள். பஸ் போர்டிலிருந்து பேப்பர் வரைக்கும் அவளுக்கு நான்தான் படித்துச் சொல்வேன்.

படித்தேன். வண்டி எண், ஹெல்மெட் இல்லை, அபராதம் பெறப்பட்டது, கையெழுத்து. வேறு ஒன்றுமில்லை. காசு கட்டியதற்கு ரசீது, விஷயம் அதோடு முடிந்தது.

"கேஸ்னு போட்டிருக்குது" என்றேன்.

யோசித்துச் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன், யோசிக்காமல் சொன்னேன் என்றும் சொல்ல மாட்டேன். வாயிலிருந்து வந்தது. வந்த பிறகு அதைத் திரும்ப எடுக்க எனக்கு மனசில்லை. அவள் முகம் வெளுத்தது. அதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது. நாலு நாளாக எரிந்துகொண்டிருந்த வயிறு அந்த நிமிஷம் அடங்கியது.

"கோர்ட்டுக்குக் கூப்புடுவாங்களா?"

"கூப்புடலாம். யார்கிட்டயும் காட்டாதே, ஊரெல்லாம் பேசிடுவாங்கோ."

யாரிடமாவது காட்டினால் என் பொய் உடைந்துவிடும். எங்கள் ஊரில் மளிகைக்கடைக்காரர்கூடக் கன்னடம் படிப்பார்.

அதற்குப் பிறகு அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. விண்ணப்பத்தின் கடைசியில் எல்லாம் உண்மை என்று உறுதி சொல்ல வேண்டும், கேஸை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்று அதிலேயே நின்றாள். மறைத்துவிட்டுச் சேர்ந்து, பாதியில் கண்டுபிடித்துத் துரத்தினால் அப்பா தாங்க மாட்டார் என்றாள். நர்சிங்குக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டாள். விண்ணப்பிக்கக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. நான் "உன் இஷ்டம்" என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அம்மா, "ஏண்டி இன்னும் அப்ளிகேஷன் போடலை?" என்று கத்துவது கேட்கும். படுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். சில சமயம் பயமாக இருந்தது, பல சமயம் திருப்தியாக இருந்தது. அந்தத் திருப்தியை நினைத்தால் இன்றைக்கும் என்னை எனக்குப் பிடிக்காது.

கடைசித் தேதிக்கு முந்தின நாள், நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கப் பள்ளிக்குப் போனோம். நர்சிங் என்றாலும் அது வேண்டும். எனக்கும் எந்தக் காலேஜ் என்றாலும் வேண்டும். தலைமையாசிரியை இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என்னுடையதில் முதலில் "நடத்தை: நன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவளுடையதை எடுத்தபோது அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"எனக்கு அப்படி எழுதாதீங்க மிஸ். எம்மேல கேஸ் இருக்குது."

நான் தடுப்பதற்குள் அந்தக் காகிதம் மேசைமேல் போய்விட்டது. மிஸ்ஸுக்குப் பாகலூர் பக்கம் சொந்த ஊர், வீட்டில் தெலுங்கு, படித்தது கன்னடம். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு தடவை படித்தார், திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"கேஸா? அபராதம் கட்டினதுக்கு ரசீது இது. கட்டியாச்சு, முடிஞ்சுது. ஹெல்மெட் போடாததுக்கெல்லாம் சீட்டை நிறுத்தினா இந்த ஊர்ல ஒரு பிள்ளையும் டாக்டராக முடியாது. எங்கயாவது கேட்டா மறைக்காம சொல்லு, அவ்ளோதான். இதுக்கா அழறே?"

அவள் அழுகை நின்றது. மிஸ் என் பக்கம் திரும்பினார்.

"இவளுக்குத்தான் கன்னடம் நல்லாப் படிக்கத் தெரியுமே. இவகிட்ட காட்டலியா? யாரு சொன்னாங்க கேஸ்னு?"

நான் தரையைப் பார்த்தேன். சிமெண்ட் தரையில் யாரோ மை கொட்டித் துடைத்த கறை இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்ப்பது நிமிராமலே எனக்குத் தெரிந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நந்தே தப்பு மிஸ்" என்றாள். "இவகிட்ட காட்டலை. நானாத்தான் அப்படி நெனச்சுக்கிட்டேன்."

மிஸ் அவளுடைய படிவத்திலும் "நன்று" என்று எழுதினார்.

பஸ் ஸ்டாப்பில் அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன், பிசிக்ஸ் கணக்கையெல்லாம் சொல்லிக்காட்டியிருப்பேன். அவள் அந்த ரசீதை மறுபடியும் எட்டாக மடித்துப் பைக்குள் வைத்தாள். பஸ் வந்ததும் எனக்கும் இடம் பிடித்தாள்.

வீட்டுக்குப் போகவில்லை. மத்திகிரி கூட்டுரோட்டில் இருந்த பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தாள். நாற்காலியில் என்னை உட்காரவைத்து, அவள் பக்கத்தில் நின்றாள்.

"நீயே போடு. எனக்குக் கை நடுங்குது" என்றாள்.

நடுங்கவில்லை. அவள் கையை நான் பார்த்தேன்.

அவள் பெயர், அவள் அப்பா பெயர், அவள் மார்க் எல்லாவற்றையும் நான் அடித்தேன். மார்க்கை அடிக்கும்போது மறுபடியும் வயிறு எரிந்தது. இவ்வளவு நடந்த பிறகும் எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். அவளுடைய நன்னடத்தைச் சான்றிதழை ஏற்றினேன். கடைசிப் பக்கத்தில், மேலே கூறியவை அனைத்தும் உண்மை என்ற வரியும் அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டமும் வந்தன. நான் நிறுத்தினேன். அவள் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னோட சர்டிபிகேட்டைப் பத்திரமா வச்சுக்கோ" என்றாள். குரலில் கோபமே இல்லை.

என் மடியில் என் பை, பைக்குள் என் நன்னடத்தைச் சான்றிதழ். இன்றைக்கும் அது என்னிடம்தான் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்தபோது கம்பெனியில் அதன் நகலை வாங்கிக்கொண்டார்கள், யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கட்டத்தில் டிக் போட்டேன், சமர்ப்பித்தேன். பிரிண்டர் ஓட ஆரம்பித்ததும் சென்டர்காரர் எட்டிப் பார்த்தார். எங்களை இரண்டு பேராகவே பார்த்துப் பழகியவர் அவர்.

"ரெண்டு பேருக்கும் போட்டாச்சாம்மா?"

அவள் பிரிண்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்த முறை எனக்காக யாரும் பதில் சொல்லப் போவதில்லை என்று புரிந்தது.

"ஒண்ணுதாண்ணா" என்றேன். "அவளுக்கு மட்டும்."