மேற்கே போகக் கூடாதாம்

எங்கள் காலனி பள்ளத்தில் இருந்தது. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் முதலில் நனைவது எங்கள் அடுப்புதான். மேற்கே இருந்த புறம்போக்கு மேட்டில் எங்களுக்கு வீட்டுமனை கொடுக்கப்போவதாகச் சர்க்கார் சொன்னபோது, வாசல் எந்தப் பக்கம் என்று அம்மா அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். தாலுகா ஆபீஸ் ஆட்கள் வந்து கல் நட்டார்கள். கல்லுக்கு மேற்கே யாரும் ஏர் ஓட்டக் கூடாது.

அந்த மேட்டை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக உழுது தின்றுகொண்டிருந்த பெரிய நிலக்காரருக்கு வந்ததே கோபம். வரப்பில் நின்றுகொண்டு, அவருக்கு நாற்று நட்டுக்கொண்டிருந்த என் அம்மாவிடமே முறையிட்டார்.

"எவனோ மெட்ராஸ்ல ஃபேனுக்குக் கீய குந்திகினு கோடு போட்டா, நாம மேக்கால போவக் கூடாதா? இன்னா அநியாயம் பாரு."

நாமாம். கூச்சநாச்சம் இல்லாத மனுஷன்.

அதே வாரம் பள்ளிக்கூடத்தில் அவர் தம்பி எங்களுக்குச் சரித்திரப் பாடம் எடுத்தார். அமெரிக்காவில் குடியேறியவர்கள் மலையைத் தாண்டி மேற்கே போகக் கூடாதென்று இங்கிலாந்து ராஜா கோடு போட்டாராம். அவர்கள் கொதித்துப்போனார்களாம். சொல்லும்போது வாத்தியாருக்கே மீசை துடித்தது. மலைக்கு அந்தப் பக்கம் அதுவரை யார் இருந்தார்கள் என்று கேட்டேன்.

"செவ்விந்தியருங்க. அது பரீட்சைக்கு வராது, குந்து."

அண்ணனுக்கும் தம்பிக்கும் புத்தி ஒரே அச்சு.

அண்ணன் சும்மா இருக்கவில்லை. ஒரு சர்வே கல்லைப் பிடுங்கி, மேட்டு உச்சியில் நட்டு, மஞ்சள் பூசி, சிவப்புப் புடவை சுற்றி அம்மன் ஆக்கினார். விசாரிக்க வந்த சர்வேயர் செருப்பைக் கழற்றினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், போய்விட்டார். அம்மனைச் சுற்றி வேர்க்கடலை விதைத்தாயிற்று.

அம்மா கற்பூரம் எடுத்துக்கொண்டு போனாள். நிலக்காரர் கைத்தடியால் மண்ணில் ஒரு கோடு கிழித்தார்.

"அங்கியே நின்னு கும்புடு. இத்தத் தாண்டி வரக் கூடாது."

"இது எங்குளுக்கு நட்ட கல்லு, ஆண்டே" என்றாள் அம்மா.

அவர் மணியடிக்க ஆரம்பித்தார்.

ஐப்பசியில் கலங்கல் வழிந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் சட்டி பானையோடு நடந்து வந்து சாலவாக்கம் ரோட்டில் நின்றோம். மேட்டில் துளித் தண்ணீர் தேங்கவில்லை, கடலைச் செடி பச்சென்று இருந்தது. குடை பிடித்துக்கொண்டு வந்த நிலக்காரர், நடுங்கிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"பாத்தியா, இந்த கவர்மெண்டு ஒங்குளுக்கு ஒண்ணுமே செய்யல."