உலைக்குள் ஒரு பொட்டு

என் வீட்டுக்காரர் சுரேந்தர் இப்போது சோளக்காடு என்ற மலையூரில் பொன்னம்மாக்காவின் மாவு மில்லில் வேலை பார்க்கிறார். ராகி அரைக்கிற கை இல்லை அது. சொன்னால் யார் நம்புகிறார்கள்?

ஆறு வருஷம் ஓசூரில் ஒரு கம்பெனியில் வெற்றிட உலை ஓட்டினார். அணுத்துகள்களை விரட்டி ஓடவைக்கும் பெரிய எந்திரத்துக்காக, நியோபியம் என்ற உலோகத்தில் ஒரு குழல் செய்வார்கள். கிண்ணங்களை வாயோடு வாய் சேர்த்து வைத்த மாதிரி இருக்கும். காற்றே இல்லாத உலையில், எண்ணூறு டிகிரியில் மூன்று மணி நேரம் அதைச் சுட வேண்டும். உள்ளே ஒளிந்திருக்கும் ஹைட்ரஜன் அப்போதுதான் வெளியேறும். அந்தச் சூட்டில் வேறு எது பட்டாலும் உலோகத்துக்குள் ஏறிவிடும். அப்புறம் குழல் உருப்படாது. கையுறை இல்லாமல் தொட்டவனை இவர் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். வீட்டிலும் கை கழுவு, கை கழுவு என்று என் உயிரை வாங்குவார்.

ஒப்பந்த வேலைதான். அந்த முறை சுடுகிற குழல் சோதனையில் தேறினால் நிரந்தரமாக்குவதாக இன்ஜினியர் குழந்தைவேலு சொல்லியிருந்தார். அது ஆயுத பூஜை வாரம். கோயிலில் வேண்டிக்கொண்டு வந்து குங்குமப் பொட்டலத்தை நீட்டினேன்.

"ஏனுங்க, உலைக்கு ஒரு பொட்டு வெச்சுட்டு வேலையத் தொடங்குங்க."

"அங்க வெரலே படக்கூடாது சத்யா. குங்குமமா?"

அழுதேன். சாப்பிடாமல் கிடந்தேன். கடைசியில் வாங்கிக்கொண்டு போனார். வெளியே வைத்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று உலைக் கதவின் உட்புறத்தில் ஒரு ஓரமாக, மிளகளவு வைத்திருக்கிறார். உலை சூடேறியதும், உள்ளே வேறு வாயு கலந்தால் காட்டிக்கொடுக்கும் திரையில் கோடு எகிறியது. இவருக்குப் புரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பெரிய உத்தமர்! நேரே போய், "நான்தானுங்க சார் வெச்சேன்" என்று சொல்லிவிட்டார். என் பெயரை எடுக்கவில்லை. இன்றுவரை எடுக்கவில்லை.

குழல் சோதனையில் தோற்றது. அமிலத்தில் கழுவி, மேல்தோலைக் கரைத்து, அதை மீட்டுவிட்டார்கள். இவரைத்தான் வெளியே அனுப்பினார்கள். "ஒரு வருஷம் போகட்டும், கூப்பிடறேன்" என்றார் குழந்தைவேலு. எனக்கு இங்கே அலுவலக உதவியாளர் வேலை கிடைக்க, மலையேறினோம். மூன்று வருஷம் ஆகிவிட்டது. ஃபோன் அடித்தால் போதும், மில்லை நிறுத்திவிட்டு ஓடுவார்.

போன ஆயுத பூஜையன்று காலையில் குழந்தைவேலுவிடமிருந்து அந்த ஃபோன் வந்தது. நானும் மில்லில்தான் இருந்தேன். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"புதுப் பசங்களுக்குப் பயிற்சி கொடுக்கறோம் சுரேந்தர். என்ன செய்யக்கூடாதுன்னு சொல்ல உன் கதைய எடுத்துக்கலாமா? பேரோட?"

"சொல்லுங்க சார்." ஃபோனை வாயருகே கொண்டுபோனார். "எனக்கு வேலை ஏதாச்சும்..."

"அதெல்லாம் இனிமே முடியாதுப்பா."

பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. குங்குமம் கொடுத்தவள் நான்.

விஷயம் தெரியாத பொன்னம்மாக்கா பூஜைத் தட்டோடு வந்தார். "மெஷினுக்கு நீயே பொட்டு வெச்சுரு சாமி."

இவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேண்டாங்க்கா. கை சுத்தமில்லீங்க."

அன்று காலையில் மட்டும் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிய கை அது.