நாக்கு அக்கா துப்பிய நாள்

அதிமதுர வேரை வேகவைத்து இனிப்பை வடித்தெடுக்கும் அந்தத் தொழிற்கூடத்தில் பன்னிரண்டு பேர் வேலை பார்த்தார்கள். நம்பத்தகுந்த நாக்கு ஒன்றுதான் இருந்தது. அதன் சொந்தக்காரியை எல்லோரும் 'நாக்கு அக்கா' என்றார்கள். எந்தக் கொப்பரைச் சாறு பதம், எது வெறும் தண்ணீர் என்று ஒரு கரண்டி குடித்துச் சொல்வார். இந்த இனிப்பு உடனே தலைகாட்டாது. முதலில் மண்வாசனை, பிறகு கொஞ்சம் கசப்பு, நாம் கைகழுவி விட்ட நேரத்தில் இனிப்பு. வந்துவிட்டால் லேசில் கிளம்பாது, சில உறவினர்களைப் போல.

விழுங்கினால்தான் தொண்டை உண்மையைச் சொல்லும் என்பது அக்காவின் சித்தாந்தம். பத்தொன்பது வருடமாக, தினம் முப்பது கரண்டி. வீட்டில் யாராவது சர்க்கரை டப்பாவைத் திறந்தால் மட்டும், உடம்பைக் கெடுத்துக்கொள்வதாகப் பாடம் எடுப்பார்.

அவருக்குத்தான் பிரஷர் எகிறியது.

"உப்பு நிறைய சேப்பீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"தொடவே மாட்டேன்."

"அப்ப வேற என்னதான் சாப்பிடுறீங்க?"

சொன்னார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "மருந்து வேர்தாம்மா. ஆனா இந்த அளவுக்குக் குடிச்சா அதுவே பிரஷரை ஏத்தும். நாளையிலேருந்து துப்புங்க."

துப்பினால் ருசி தெரியாது; ருசி தெரியாவிட்டால் வேர் கழுவும் தொட்டிதான் கதி. பயத்தைக் கோபமாக்கிக்கொண்டு, அக்கா டாக்டரம்மா எழுதிக்கொடுத்த சீட்டை முதலாளியின் மேசையில் போட்டார்.

"துப்பிட்டு ருசி சொல்றதும், மோந்து பாத்துட்டு ஏப்பம் விடுறதும் ஒண்ணுதான் தம்பி. நான் தொட்டிக்கே போறேன்."

அக்காவைவிடப் பதினைந்து வயது இளையவரான முதலாளி அசரவில்லை. ஐந்து டம்ளர் சாறு வரவழைத்தார். "இதுல ரெண்டு மட்டும், வெந்த வேரையே மறுபடி வேகவெச்சு எடுத்தது. துப்பிட்டே கண்டுபிடிங்க. முடியலன்னா தொட்டி."

கொப்பரைகளை அம்போவென்று விட்டுவிட்டு எல்லோரும் கூடினார்கள். அக்கா சாற்றை வாயில் புரட்டி, வாளியில் துப்பி, இனிப்பு வந்து போகும்வரை காத்து, வாய் கொப்பளித்து அடுத்ததை எடுத்தார். தோற்றால் ருசி பார்க்கும் வேலை போகும். ஜெயித்தால் சித்தாந்தம் போகும் என்பது மூன்றாவது டம்ளரில் உறைத்தது. பொய் சொல்லலாம். ஆனால் தண்ணீர்ச் சாற்றை நல்ல சாறு என்று சொல்ல அந்த நாக்கு புரளவில்லை.

"ரெண்டாவதும் அஞ்சாவதும்."

சரிதான். கைதட்டல் எழுந்தது. அக்காவின் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

"அப்ப, பத்தொம்பது வருஷமா எதுக்குக்கா முழுங்குனீங்க?" என்றார் முதலாளி.

அக்கா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லா இருந்துச்சு தம்பி. போதுமா?"