மரச்சீனி விளையில் ஒரு குண்டு

என் வீட்டுக்காரர் அந்தப் பழைய தோக்கைச் சுடும்போதெல்லாம் எனக்குப் பல் கூசும். அவருடைய அப்பா காலத்து வேட்டைத் துப்பாக்கி. லைசென்ஸ் இவர் பெயருக்கு மாறியிருந்தது. அதற்குப் பொருந்தும் தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்காததால், காலிப் பித்தளைக் கூடுகளில் மருந்தும் ஈயக்குண்டும் வைத்து அவரே அடைத்தார்.

தடிக்காரன்கோணத்துக்கு மேலே, மலையடிவாரத்தில் எங்கள் மரச்சீனி விளை, மரவள்ளிக் கிழங்குத் தோட்டம். பன்றி இறங்கினால் மொத்தத்தையும் உழுது போட்டுவிடும். சுட்டுக் கொல்ல அனுமதி கிடையாது, சத்தம் போட்டு விரட்டத்தான் என்பார். விரட்டுவதற்குக் குறி எதற்கு என்று கேட்டால் அடுத்த கூட்டை அடைக்கத் தொடங்குவார்.

ரப்பர் மரத்தில் சாய்த்த பலகையில் கரியால் வட்டம் போட்டிருப்பார். சுட்டபின் ஓட்டை எங்கே விழுந்தது என்று பார்ப்பது என் வேலை. பின்கட்டை இடித்து இடித்து அவர் தோள் கறுத்துக் கிடந்தது. ஒருமுறை கூடு பிளந்து கன்னம் பொசுங்கியது. அப்படியும் விடவில்லை. கடைசியாக ஒரு சாயங்காலம் சுட்டவை ஒரே இடத்தில் விழுந்தன, ஆனால் வட்டத்துக்கு இடது பக்கம் மூன்று விரற்கடை தள்ளி. அதைச் சரிசெய்வதற்குள் அது நடந்துவிட்டது.

மறுநாள் காலையில் விளையைப் பார்க்கப் போனோம். மரச்சீனிக்குள்ளிருந்து ஒற்றைப் பன்றி பாய்ந்து வந்தது. யாரோ வைத்த கம்பிக் கண்ணி அதன் கழுத்துச் சதையில் புதைந்து, மார்பெல்லாம் ரத்தம். அவர் தோளிலிருந்து தோக்கை எடுப்பதற்குள் இடித்துத் தள்ளியது. தோக்கு தெறித்து என் காலடியில் விழுந்தது. பன்றி அவர் மேலே ஏறி, தொடையில் கொம்புப் பல்லைச் செருகி மேல்நோக்கி இழுத்தது. துணி கிழிகிற சத்தம்தான் கேட்டது. கிழிந்தது துணி மட்டுமல்ல.

தோக்கை எடுத்தேன். பன்றியின் தோளும் அவர் தலையும் ஏறக்குறைய ஒட்டியிருந்தன.

"வலது பக்கமா பிடிட்டி," என்றார் அவர், அடியில் கிடந்தபடியே. "வலது பக்கமா."

அவர் முகம் இருந்த பக்கம் வலது. அங்கே குழலைத் திருப்பிச் சுட்டேன்.

குண்டு இடது பக்கம் தள்ளி, பன்றியின் தோளில் இறங்கியது. அது அவர் மேலேயே சரிந்து, கால்களை உதைத்துக்கொண்டு கிடந்தது. நான் தோக்கைத் திருப்பிப் பிடித்து, பின்கட்டையால் அதன் தலையில் அடித்தேன். மண்டை நொறுங்கியது தெரிந்தது. நிறுத்த முடியவில்லை. கட்டை பிளந்து, சிலாம்பு உள்ளங்கையில் ஏறியும் அடித்தேன்.

"செத்துப்போச்சு. விடு," என்று அவர் சொன்னது மெதுவாகத்தான் காதில் ஏறியது.

அவர் உடுத்திருந்த சாரத்தைக் கிழித்துத் தொடையை இறுக்கிக் கட்டினேன். பக்கத்து எஸ்டேட் ஜீப்பில் நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜீப்புக் கண்ணாடியில் அந்த முகத்தை நானும் பார்க்க விரும்பவில்லை.

உயிர் பிழைத்தார். காலை மட்டும் இழுத்து இழுத்து நடக்கிறார். வனத்துறையும் போலீசும் வந்து விசாரித்தார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னேன், அடித்ததை மட்டும் விட்டுவிட்டு. அவரும் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. தோக்கைக் கொண்டுபோனார்கள். திரும்பக் கேட்டு நாங்கள் எழுதவில்லை.

அந்த வருஷம் மிச்சமிருந்த மரச்சீனியையும் பன்றிகள் தின்று தீர்த்தன. அவை தோண்டுகிற சத்தம் வீட்டுக்குள் கேட்கும். கேக்குதா என்று அவர் கேட்பார். தின்னட்டும் என்பேன்.