நீளத் தொட்டியில் ஒரு பிடி மரத்தூள்

1. அந்தோணி விரித்த நூல்

சேவூர் நெசவாளி அந்தோணி, நான் சாயம் போட்டுக் கொடுத்த பட்டு நூலைச் சைக்கிளில் திருப்பிக் கொண்டுவந்து பட்டறை வாசலில் விரித்தார். அவர் கேட்டது அரக்கு. ஒரு சிட்டம் நூல் அரக்காகவும் அடுத்தது செங்கல் நிறமாகவும் இருந்தன. மூன்றாவது இரண்டிலும் சேரவில்லை.

“இன்னாங்க இது? தறி சும்மா கெடக்குது. ஒரே பேஜாரா பூட்சு.”

முதலாளி நூலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “ஏழுமலை, நாளைக்குப் போடுற நூலும் இப்டி திட்டுத் திட்டா வந்துச்சுன்னா, காஞ்சிபுரத்துலேர்ந்து வேற ஆளக் கூட்டியாந்துடுவேன்.”

அப்போது எழுபதுகளின் கடைசி. பன்னிரண்டு வருஷமாக அந்தப் பட்டறையில் சாயம் போட்டுக்கொண்டிருந்தேன். கை போய்விட்டது என்று ஆரணியில் பேர் வந்தால், அப்புறம் விறகு தூக்கத்தான் கூப்பிடுவார்கள். எனக்குப் பயமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

2. புதுத் தொட்டி

பத்து நாள் முன்புதான் பழைய வட்டச் செப்பு அண்டாவை ஓரங்கட்டிவிட்டு, முதலாளி நீளமான எவர்சில்வர் தொட்டி வாங்கியிருந்தார். சுவரோடு ஒட்டி லட்சணமாக உட்கார்ந்தது. விறகு வைக்கத் தோதாக அடுப்பை ஒரு கோடியில் கட்டினோம். எல்லாருடைய வசதியையும் பார்த்தோம், தண்ணீரை மட்டும் யாரும் கேட்கவில்லை.

பட்டுக்கு இளஞ்சூட்டில் சாயத்தைக் கரைத்து, சிட்டங்களை மூங்கில் கோலில் மாட்டி இறக்கி, சூட்டை மெல்ல ஏற்ற வேண்டும். சூடு ஏற ஏற நூல் சாயத்தை இழுக்கும். ஓர் இடம் முந்திச் சூடானால் அங்கே தொங்கும் நூல் முந்திக் குடித்துவிடும், மற்றதற்கு மிச்சம்தான்.

தப்பு தொட்டியில் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதை முதலாளிக்குக் காட்ட வேண்டியிருந்தது.

3. மரத்தூள்

மறுநாள் காலை, அந்தோணியின் புது நூலில் கை வைக்கும் முன், தொட்டியில் வெறும் தண்ணீரை நிரப்பினேன். தறி ஆசாரியிடம் வாங்கி ஊறவைத்திருந்த மரத்தூளில் ஒரு பிடி போட்டு அடுப்பை மூட்டினேன்.

“இன்னாய்யா சமைக்கிற?” என்றார் முதலாளி.

“பாத்துகினே இருங்க முதலாளி.”

தீ எரியும் கோடியில் தூள் மேலே எழுந்தது. மேலாகவே ஓடி, எதிர்க்கோடிக்குப் போய் இறங்கி, அடியோடு திரும்பி வந்தது. தூரத்து மூலைகள் இரண்டிலும் கிடந்த தூள் மட்டும் அசையவே இல்லை. பக்கத்திலேயே செப்பு அண்டாவையும் ஏற்றிக் காட்டினேன். நடுவில் எழுந்து, சுற்றிலும் ஒரே மாதிரி இறங்கியது.

“பாத்தீங்களா? மூலையில தண்ணி தூங்கிகினு கீது. நான் இன்னா பண்றது?”

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். முதலாளி மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரிப்பா. தண்ணி நகரல. நீ கோலையாவது எடம் மாத்தி வெச்சியா?”

நான் வைக்கவில்லை. அண்டாவில் சிட்டத்தை மேல்கீழாகத் திருப்பிவிட்டால் போதும், தண்ணீர் மீதியைப் பார்த்துக்கொள்ளும். பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் தொட்டியிலும் அதையே செய்திருந்தேன். மூலையில் இறங்கிய சிட்டம் கடைசிவரை மூலையிலேயே கிடந்தது.

“இல்ல முதலாளி” என்றேன். வெட்கமாக இருந்தது.

நூலுக்காகக் காலையிலேயே வந்து நின்ற அந்தோணி குறுக்கே வந்தார். “தூளெல்லாம் எனக்கு வாணாங்க. ஜல்தி கலரப் போடுங்க.”

அவர் நூலை அன்று அண்டாவிலேயே போட்டோம். ஒரே அரக்கு. மறுநாள் தறி ஓடியது. திட்டு விழுந்த நூலைக் கறுப்பில் முக்கினோம். அந்த வருஷம் எங்கள் பட்டறை நூலில் கறுப்புக் கரைச் சேலை கொஞ்சம் அதிகம்.

தொட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தி, அடியில் நீளத்துக்கும் தீ படும்படி அடுப்பை மாற்றிக் கட்டினோம். திருப்பும்போதெல்லாம் ஓரக் கோலை நடுவுக்கும், நடுக் கோலை ஓரத்துக்கும் மாற்றினேன். காஞ்சிபுரத்திலிருந்து யாரும் வரவில்லை.

புதுப் பாத்திரம் வந்தால் முதலில் வெறும் தண்ணீரைக் காய்ச்சிப் பாருங்கள், ஒரு பிடி மரத்தூள் போதும். நான் அதைத் தொட்டியைக் காட்டிக்கொடுக்கத்தான் போட்டேன். அது என்னையும் சேர்த்துக் காட்டிக்கொடுத்தது.