தேத்தண்ணிக்குப் போட்ட மாஸ்க்

கல்லடியில் ஒரு கடையில் நேற்றுப் பால் விடாத பிளேன்டி ஒன்று கேட்டேன். கடைக்காரர் கோப்பைக்கு மேல் ஒரு சின்னத் தட்டைப் போட்டு மூடிக் கொண்டுவந்து வைத்தார். "ரோட்டுத் தூசி தம்பி, அதுதான்" என்றார். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "கோப்பைய மூடிப்போட்டு நீங்க முழுநாளும் அந்தத் தூசிக்குள்ளதானே அண்ணே நிக்கிறீங்க!" மனிதர் பாவம், தேத்தண்ணியில் ஏதோ குறை என்று நினைத்து வேறு ஊற்றப் போனார்.

அவரில் பிழையில்லை. மூடிய கோப்பையைக் கண்டாலே எனக்குச் சதீஸின் ஞாபகம் வந்துவிடும்.

சதீஸ் என் கூட்டாளி. ஒன்பதாம் வகுப்போடு இருவரும் பள்ளிக்கூடத்தை விட்டோம். பள்ளிக்கூடம் எங்களை விட்டது என்றும் சொல்லலாம். வாவிக்கு அந்தப்புறம், படுவான்கரையில் ஒரு நெல் மில்லில் சேர்ந்தோம். மில் என்றால் பார்க்குமிடமெல்லாம் உமித்தூசிதான். நெல் அவிக்கிற அடுப்பிலும் உமியைத்தான் எரிப்பார்கள். அந்தப் புகை வேறு. எனக்கு அப்போது மீசை சரியாக முளைக்கவில்லை. பத்து மணிக்குள் தூசி படிந்து வெள்ளை மீசை வந்துவிடும்.

வேலை முடிந்து சைக்கிளில் கல்லடிக் கடற்கரைக்கு வந்தால் கபடி. சதீஸ் பாடிக்கொண்டு போனால் ஒரே மூச்சில் ஏழு பேரையும் சுற்றி, காலில் தொங்குகிறவனையும் இழுத்துக்கொண்டு கோட்டுக்கு வருவான். அப்போதும் கொஞ்சம் மூச்சு மிச்சமிருக்கும். அந்த மிச்சத்தில், வேடிக்கை பார்த்து நின்ற எனக்கு ஏசுவான்: "என்னடா, நிண்டு புதினம் பாக்கிறியா?"

பிறகு கொரோனா வந்தது. முதலாளி ஒரு பெட்டி மாஸ்க் கொண்டுவந்து வைத்தார். சதீஸ் மட்டும் ஒழுங்காகப் போட்டான். போட்டதும், "மச்சான், நெஞ்சு லேசா இரிக்கிடா" என்றான். நான் சும்மா இருந்திருக்கலாம். இந்த வாய் விட்டால்தானே!

"தள்ளுங்கடா தள்ளுங்க, டொக்டர் ஐயா வார்ட் பாக்க வாறார்!"

மில்லே சிரித்தது. அவன் மூட்டையோடு வரும்போதெல்லாம் ஒருவன் கையை நீட்டி, "டொக்டர், நாடி பாருங்க" என்பான். மூன்றாம் நாள் சதீஸ் மாஸ்க்கைக் கழற்றித் தன் தேத்தண்ணிக் கோப்பைக்கு மேல் மாட்டினான். "இப்ப சரியா? தேத்தண்ணிக்குள்ள தூசி விழாது." நல்ல யோசனை என்று எல்லோரும் அப்படியே செய்தோம். பத்து மணிக்கு வாங்குப் பலகையில் வரிசையாகக் கோப்பைகள், எல்லாம் மாஸ்க்கோடு. அந்தக் கோப்பைகளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

முதலாளிக்கும் ஒரு வைத்தியம் தெரியும். "சீனியக் கூடப் போட்டுக் குடிங்கடா, தொண்டையில கிடக்கிற தூசி இறங்கிப் போயிரும்." இறங்கியதுதான். எங்கே இறங்கியது என்று ஒருவரும் கேட்கவில்லை.

சதீஸுக்கு இருமல் தொடங்கியது. "மோட்டர் ஸ்டார்ட் ஆகுதில்ல" என்று அதற்கும் பகிடி விட்டேன். மூட்டையோடு லொறிக்குச் சாத்திய பலகையில் ஏற முடியாமல் அவன் பாதியில் நின்ற அன்றுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டொக்டரம்மா நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டு, "எத்தின வருசமா சிகரட் குடிக்கிறீங்க?" என்றார்.

"சிகரட் இல்ல டொக்டர், உமி" என்றான் சதீஸ்.

அவர் சிரிக்கவில்லை. "போன மூச்சு திரும்பி வராது தம்பி. இனித் தூசி, புகைக்குக் கிட்டப் போகாட்டி, இருக்கிறதக் காப்பாத்தலாம்."

சதீஸ் மில்லை விட்டுவிட்டான். புகையை எப்படி விடுவது? பின்னேரமானால் பக்கத்து வளவு அக்கா சருகோடு சொப்பிங் பேக்கையும் சேர்த்துக் கொளுத்துகிறார். கேட்டால், "நுளம்பு போகட்டும் மனே" என்கிறார். நுளம்புக்கடி குறைகிறதோ தெரியாது, சதீஸ் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே போகிறான். நான் நாலுதரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். "இவன் எப்பவும் பகிடிதான்" என்று அந்த அக்கா சிரிக்கிறார். ஊருக்கே பகிடி விட்டவன் உண்மையைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

போன ஞாயிறு கடற்கரையில் பொடியன்களுக்கு ஓர் ஆள் குறைந்தது. "சதீஸ் அண்ணே, ஒருக்காப் பாடுங்களன்!" நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் எழும்பிப் போய்விட்டான்.

"கபடி, கபடி, கபடி, கபடி..."

நாலு. அவ்வளவுதான். திரும்பி வந்து மணலில் குந்தி, மூச்சுக்கு டொக்டரம்மா கொடுத்த பம்மைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து வாயில் வைத்து இழுத்தான். கொஞ்சம் ஆறியபின் என்னைப் பார்த்தான்.

"என்னடா, ஒண்டும் சொல்லல்லியா?"

எதற்கும் ஒரு பகிடி வைத்திருந்தவன் நான். தேடினேன். மணலில் அவனுடைய காலடி, நடுக்கோட்டைத் தாண்டாமல் ஓரடி இந்தப்பக்கமே நின்றிருந்தது.